பலகைக்குக் கீழே இரண்டு சாண்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இன்னும் அந்த அச்சகத்து மாடிப்படியை ஏறித்தான் பிழை திருத்துகிறாயா? முதலாளியிடம் ஒரு நாற்காலியைக் கீழே போடச் சொல்லக்கூடாதா?

நல்ல செய்தி ஒன்று. இங்கே பள்ளிக்கூடம் வருகிறது. நம் மாவு ஆலைக்குக் கீழே வாய்க்காலை ஒட்டிய பள்ளத்து நிலத்தைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன், சரி என்றார்கள். உன் மருமகளுக்கு அங்கேயே ஆசிரியை வேலை. தினமும் இரண்டு பஸ் மாறி அலைகிற பிள்ளை இனி பின்வாசலில் இறங்கினால் வகுப்பறை.

பொறியாளர் ஒருவர் வந்தார். நிலத்தைப் பார்த்ததைவிடத் தன் செருப்பில் ஒட்டின சேற்றைப் பார்த்ததுதான் அதிகம். "இங்க வெள்ளம் வருமா?" என்றார். "ஆலை கட்டித் தொண்ணூறு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூடத் தண்ணி தடுப்புப் பலகையைத் தாண்டினதில்ல. நோட்டுல எழுதியே வச்சிருக்கோம்" என்றேன். "அப்ப அதையே ஆலையோட வரலாறா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

மூட்டையில் கரியால் குறி போடுவதைத் தவிர எனக்கு என்ன எழுதத் தெரியும்? நம் வீட்டில் எழுத்து என்றால் நீதான். எழுதித் தருவாயா?

உன் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான், மாடிப்படியும் அப்படியேதான். இரண்டில் எது முதலில் இடிகிறது என்று பார்க்கலாம்.

மருமகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை என்றது சந்தோஷம். ஆனால் பள்ளத்து நிலத்தையா கொடுத்தாய்? பழைய எந்திரக் கற்களைப் போட்டு வைத்திருக்கிற மேட்டு நிலம் சும்மாதானே கிடக்கிறது? அதைக் கேட்டால் கொடுக்க மாட்டாயா? கொஞ்சம் யோசி.

வரலாறு எழுதுகிறேன். தண்ணீர் நோட்டுகளை எல்லாம் அனுப்பு. ஒன்றையும் விடாதே. உன் மனைவிக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நோட்டுகள் நான்கையும் துணியில் கட்டிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாவு உதிரும், தும்மாதே.

மேட்டு நிலத்துக்குப் பாதை கிடையாது. செங்கல் வண்டி ஏறாதாம். பள்ளம்தான் தோது என்று பொறியாளரே சொல்லிவிட்டார்.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, இருந்தாலும் வரலாறு என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். கொள்ளுத்தாத்தா ஆற்றின் குறுக்கே கல் தடுப்புக் கட்டினார். இரண்டு பக்கமும் மண் கரை. தடுப்பின் தலையில் மரப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகினார், தண்ணீர் தேங்கி வாய்க்காலில் ஏறிச் சக்கரத்தில் விழுவதற்கு. பலகை இல்லாவிட்டால் ஆறு பாட்டுக்கு ஓடும், சக்கரம் கொட்டாவி விடும். அவருக்குப் பின் தாத்தா, பின் அப்பா, இப்போது நான். மழைக்காலத்தில் தண்ணீர் மிக உயர்ந்த நாளன்று மேல் பலகையில் கோலைத் தொங்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளப்போம். அதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். அதிகம் போனால் 'பலகைக்கு இரண்டு சாண் கீழே', குறைந்தால் மூன்று. ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

மூன்றாம் நோட்டில் ஒரு வருஷம் மட்டும் உன் கையெழுத்து. பதிமூன்று வயதிலேயே முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். நான் அப்போது தொட்டிலில் கிடந்திருப்பேன். மகளிடம் காட்டினேன், "அத்தை அப்பவே ப்ரூஃப் ரீடர்தான்" என்றாள்.

சீக்கிரம் எழுதி அனுப்பு. பொறியாளர் ஆள்மேல் ஆள் விடுகிறார்.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலம்தானே? நோட்டுகளை மூன்று முறை படித்தேன். வரலாற்றைப் பாதி எழுதி நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கோபப்படாமல் கேள்.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா 'இரண்டு பலகை செருகியது' என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பலகையும் ஒரு சாண் அகலம். பிறகு தாத்தா காலத்தில் இரண்டு தடவை 'புதுப் பலகை போட்டது'. அப்பா காலத்தில் இரண்டு தடவை. நீ ஒரு தடவை. உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதிது போட்டதாகத்தான் நான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். ஆனால் 'பழையதை எடுத்தது' என்று ஒரு இடத்தில்கூட இல்லை. நாற்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவள் நான். இருக்கிற எழுத்தைவிட இல்லாத எழுத்துதான் என் கண்ணில் முதலில் படும்.

தம்பி, போய் எண்ணிப் பார். ஏழு பலகை இருக்கும்.

அன்றைய இரண்டு சாணும் இன்றைய இரண்டு சாணும் ஒன்றல்ல. அளவுகோலைத் தூக்கிக்கொண்டே போய், அதிலிருந்து கீழே அளந்தால் தண்ணீர் எப்போதும் கீழேதான் இருக்கும். பொய் ஒன்றும் எழுதவில்லை. ஆலைக்காரனுக்குப் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வேண்டும், அதை அளந்தீர்கள். ஆனால் இந்தத் தொண்ணூறு வருஷத்தில் தண்ணீர் ஐந்து சாண் ஏறியிருக்கிறது. பலகை உயர்ந்தது, கரை உயரவில்லை. போன மழைக்குக் கரையின் உச்சிக்கு எத்தனை விரற்கடை மிச்சம் இருந்தது? அதை நம் வீட்டில் யாரும் எழுதவில்லை.

பொறியாளருக்கு எதையும் கொடுத்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய் எண்ணினேன். ஏழுதான். அதனால் என்ன? நாற்பது வருஷம் மற்றவன் எழுத்தில் குற்றம் பார்த்துப் பார்த்து, இப்போது ஆற்றுக்கும் பிழை திருத்தக் கிளம்பிவிட்டாயா? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இங்கே முழங்காலுக்குக்கூட வந்ததில்லை.

நீ தாமதம் செய்ததால் நானே நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மகள் எழுத்தைச் சரிபார்த்தாள். வாங்கிக்கொண்டார்கள். அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

உன் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் கிடைத்தது. உன் மனைவிக்கு நன்றி சொல்.

நீ என்னைக் கேலி செய். எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. ஆலையைச் சுற்றிக் கைப்பிடி நிலத்தைக்கூட வீணாக்காத மனிதர் நம் அப்பா. வாசலில் இருந்து வேலி வரைக்கும் எதையாவது ஊன்றி வைப்பார். அவர் ஏன் அந்தப் பள்ளத்தில் சாகும்வரை ஒரு விதைகூடப் போடவில்லை? கேட்டவர்களுக்கும் ஏன் கொடுக்கவில்லை? உனக்குத் தெரியுமா?

பதில் எழுது. அது உனக்குத் தெரியாது என்றால் நான் சொல்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. மன்னித்துக்கொள். என் மனைவிக்கு ஒரு மாதம் விடாத காய்ச்சல். இப்போது தேவலை. உன் மூன்று கடிதங்களும் வந்தன.

சுவர் எழும்பிவிட்டது. நான்கு அறை, பெரிய ஜன்னல்கள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்குக் கால் தரையில் இல்லை. இரவெல்லாம் அட்டையில் எழுத்து எழுதிச் சாயம் தீட்டுகிறாள். அப்பா பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் இருபதாம் தேதி திறப்பு விழா.

இந்த வருஷம் தானியம் அதிகம். சக்கரத்துக்கு வேகம் போதவில்லை என்று ஒரு பலகை போட்டேன். இப்போது மேல்கல் பறக்கிறது.

அஸ்திவாரம் தோண்டும்போது ஆளுயர ஆழத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கிடைத்தது. துருவைச் சுரண்டித் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது. "பள்ளிக்கூடத்துக்கு மணி வாங்க வேண்டாம்ப்பா, இதையே கட்டித் தொங்க விட்டுடலாம்" என்கிறாள் உன் மருமகள். வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறோம்.

திறப்பு விழாவுக்கு நீ வர வேண்டும்.

தம்பி

ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி குணமானது அறிந்து நிம்மதி.

அந்த மணியை இறக்கு. இன்றைக்கே இறக்கு. அது யாருடைய வண்டி என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பள்ளத்தில் ஒரு வீடு இருந்தது. ஆலைக்கு மூட்டை ஏற்றிவருகிற வண்டிக்காரரின் வீடு. அவர், அவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு என் வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். என் தலைமுடியை அவள்தான் பின்னிவிடுவாள். இழுத்து இழுத்துப் பின்னுவாள், கண்ணில் தண்ணீர் வரும்.

எனக்குப் பதிமூன்று வயதான அந்த வருஷம்தான் அப்பா ஐந்தாவது பலகையைப் போட்டார். ஐந்து நாள் விடாத மழை. பலகையை உருவுங்கள் என்று வண்டிக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டார். நான் அப்போது பக்கத்தில் நின்றேன். "அரைக்கிறதுக்கு நூறு மூட்டை கெடக்குய்யா. விடியட்டும், பார்ப்போம்" என்றார் அப்பா. விடியவில்லை. தண்ணீர் பலகைமேல் ஏறிப் போனது, பள்ளத்துப் பக்கத்துக் கரை உடைந்தது. காலையில் அந்த வீடு இருந்த இடத்தில் ஒரு சுவர் மட்டும் நின்றது. நால்வரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது. ஊரிலிருந்து ஆலைக்கு வரும் பாதை பத்து நாள் அறுந்து கிடந்தது, யாரும் வரவில்லை. அப்பா அந்த ஒற்றைச் சுவரையும் தானே இடித்து மண்ணைப் பரப்பினார். பாதை திறந்தபோது, மழைக்கு முன்பே அவர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள் என்றார். ஊரும் நம்பியது. வண்டிக்காரன் என்றால் ஓர் இடத்தில் இருப்பானா?

பிறகு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "எழுதும்மா. பலகைக்கு ரெண்டு சாண் கீழேன்னு எழுது" என்றார். எழுதினேன். நீ அன்று மெச்சினாயே, முத்து முத்தான எழுத்து, அது இதுதான்.

இருபது வயதில் நான் ஏன் அந்த வீட்டை விட்டு வந்தேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் தைரியம் இல்லை. அதன் பிறகும் அவர் ஒரு பலகை போட்டார். இதோ நீ எட்டாவதைப் போட்டிருக்கிறாய்.

ஐம்பத்திரண்டு பிள்ளைகள், தம்பி. நம் பிள்ளை ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்தைத் திறக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மனைவியும் மகளும் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியும். கடைசி நாட்களில் அப்பா என்னிடம் சொன்னார். உன்னை ஒருநாள்தான் எழுதச் சொன்னார். எனக்கு ஒரு மாதம், தினமும் சாயங்காலம், அதே கதையைச் சொன்னார். நீ பட்டணத்துக்குப் போய்விட்டாய். தூக்கத்தில் அவர் அந்த வண்டிக்காரரைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன் நான். நாற்பத்தேழு வருஷம் வாய் திறக்காத நீ, அவருக்கு ஒரு நல்ல பெயர் வருகிற நேரத்தில் திறக்கிறாய்.

அந்த நிலத்தில் நாலு நல்லது நடந்தால் அவருக்கு ஆறும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அது தப்பா? கரைக்கு இரண்டு வண்டி மண் போட்டிருக்கிறேன். பெருமழை எல்லாம் அந்தக் காலத்தோடு போயிற்று.

இரும்புப் பட்டையைப் பார்த்ததுமே என்ன என்று தெரிந்தது. உனக்கு எழுதாமலே இருந்திருக்கலாம். ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டது. முன்வரிசையில் உனக்கு நாற்காலி போட்டிருக்கும். வந்து உட்கார். வேறு எதுவும் பேச வேண்டாம்.

தம்பி

செப்டம்பர் 24

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன், வீட்டுக்கு அனுப்பினால் உன் கைக்கு வராது. நீயும் உன் அம்மாவும் நலமா? உன் அப்பா சரியாகச் சாப்பிடுகிறானா? திறப்பு விழாவுக்கு நான் வராததில் உனக்கு மனக்குறை இருக்கும். இதைப் படித்தால் புரியும்.

இத்துடன் மூன்று பக்கங்கள் வைத்திருக்கிறேன். முன்பு பாதியில் நிறுத்திய ஆலையின் வரலாற்றை இப்போது முழுதாக எழுதிவிட்டேன். எட்டுப் பலகைகளின் கணக்கும், நான் கைப்பட எழுதின பொய்யும், அந்த நால்வருக்கு நேர்ந்ததும் அதில் உண்டு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொறியாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் அதைப் படிப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதனால்தான் உனக்கு.

பிள்ளைகளின் தாய் தகப்பனைக் கூப்பிட்டு இதை அவர்கள் முன்னால் உரக்கப் படி. படித்தால் உன் தாத்தாவின் பெயர் போகும். உன் வேலை போகலாம். உன் அப்பா என்னை இந்த ஜன்மத்தில் மன்னிக்க மாட்டான். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் அம்மா கேட்கிறேன். எனக்குப் பதிமூன்று வயதில் சொல்லியிருக்க வேண்டியதை அறுபது வயதில் உன் தலையில் கட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

மழை தொடங்கும் முன் படித்துவிடு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அத்தை

அக்டோபர் 19

அன்புள்ள அத்தைக்கு,

அம்மாவும் நானும் மேட்டில் ஒரு தெரிந்தவர் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை ஐந்து நாள் பையிலேயே வைத்திருந்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. பிறகு பெற்றோர் கூட்டம் போட்டுப் படித்தேன். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்திலேயே எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முடித்ததும் ஒரு பெரியவர் அப்பாவிடம் வந்து, "நெஜமாய்யா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாளிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. நான் மட்டும் தினமும் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை. ஆலையையும் ஓட்டவில்லை. தானியம் கொண்டுவந்த ஒருவரிடம், "வேற எங்கயாவது கொண்டுபோங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

பதிமூன்றாம் தேதி மழை பிடித்தது. விடவே இல்லை. பதினாறாம் தேதி மத்தியானம் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார், கையில் கடப்பாரை. "கெளம்பும்மா. அம்மாவக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போ" என்றார். "நீங்க?" என்றேன். "பலகைய உருவிட்டு வர்றேன். நாலஞ்சு உருவினா கரை தாங்கும். மெதுவா எறங்கிடும்" என்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, "அக்காவுக்கு எழுது. அவ சொன்னது சரின்னு எழுது" என்றார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு என்னோடு பேசியது இவ்வளவுதான்.

மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். தடுப்பின்மேல் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக நெம்பினார். அம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐந்து வரை எண்ணினாள். அப்போது பள்ளத்துப் பக்கத்துக் கரை போயிற்று. எனக்குச் சத்தமே கேட்டதாக நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது ஜன்னலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. உள்ளே யாரும் இல்லை அத்தை. ஒருவர்கூட இல்லை.

அப்பாவைத் தேடி ஊர் ஆண்கள் மூன்று நாளாகக் கயிறோடு ஆற்றோரமாகப் போயிருந்தார்கள். இன்று காலையில் திரும்பி வந்தார்கள்.

நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். பாதை அறுந்திருக்கிறது, மேட்டு வழியாகத்தான் வர வேண்டும். அச்சகத்திலிருந்து யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாக வர வேண்டாம்.

உங்கள் மருமகள்